கோட்டுருக் களஞ்சியம்

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம். டில்லியிலோ மும்பையிலோ நடைபெறும் ஒரு தமிழ்ச் சங்கக் கூட்டத்திற்குப் பத்துப் பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் அங்கே சரியாக மூவரைத் தெரியும். முன்பே அறிமுகமான எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும், அவ்விருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. அறிமுகமில்லாத எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும், இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் சரியாக ஒருவர் இருக்கிறார். இப்படி ஒரு கூட்டம் அமைய முடியுமா?

முடியும். தாளில் ஐந்து புள்ளிகளை இட்டு ஐங்கோணமாக இணையுங்கள். அதற்குள்ளே வேறு ஐந்து புள்ளிகளை இட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்து ஒரு நட்சத்திரம் வரையுங்கள். பிறகு ஒவ்வொரு வெளிப்புள்ளியையும் அதற்கு நேரே உள்ள உட்புள்ளியோடு சேருங்கள். புள்ளிகள் 10, கோடுகள் 15. புள்ளி என்பது ஆள், கோடு என்பது அறிமுகம். நாம் கேட்ட கூட்டம் இதுவே. டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் யூலியஸ் பீட்டர்சன் 1898-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றினால் இதற்குப் பீட்டர்சன் கோட்டுரு என்று பெயர் வழங்குகிறது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக அமைந்த உருவத்தையே கணித நூலார் கோட்டுரு என்கின்றனர். கோட்டின் நீளமோ வளைவோ பொருட்டன்று. எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டுமே பொருள்.

இந்தக் கோட்டுருவின் இயல்பு முழுவதையும் 10, 3, 0, 1 என்ற நான்கு எண்களில் அடக்கிவிடலாம். ஆட்கள் பத்து, ஒருவருக்கு அறிமுகம் மூன்று, அறிமுகமானோர்க்குப் பொதுவானவர் சூனியம், அறியாதோர்க்குப் பொதுவானவர் ஒருவர். இவ்வாறு நான்கு எண்களால் கட்டுப்பட்ட அமைப்பை வலுவாய் ஒழுங்கமைந்த கோட்டுரு என்பர். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நான்கு எண்களை எழுதுவது எளிது. அவை ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று சரிபார்ப்பதும் எளிது. ஒருவருக்குத் தெரிந்த மூவரில் ஒவ்வொருவரும் வெளியே இருவரை அறிவர், ஆக ஆறு கோடுகள். எஞ்சிய அறுவரும் ஒவ்வொரு கோட்டைப் பெறுகின்றனர், அதுவும் ஆறு. கணக்கு ஒத்துவிட்டது. ஆனால் கணக்கு ஒத்துவந்தது என்பதனாலேயே உருவம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. “உண்டு” என்று ஏட்டில் எழுதி வைப்பது வேறு. “இதோ” என்று எடுத்துக் கையில் கொடுப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். அதன் தொடக்கம், வியப்பாயினும் உண்மை, நம் நாட்டு வயல்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இருக்கிறது.

1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பேராசிரியர் மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிலையத்தைத் தோற்றுவித்தார். மாநிலக் கல்லூரியில் அவருடைய ஆய்வுக்கூடமே அதன் முதல் இருப்பிடம். அடுத்த ஆண்டில், ஆசுதோஷ் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த ராஜ் சந்திர போஸ் என்ற இளைஞரை அவர் அங்கே பகுதி நேர வேலைக்கு அழைத்துக்கொண்டார். போஸ் 1901-இல் நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத்தில் பிறந்தவர், ரோத்தக்கில் வளர்ந்தவர், டில்லி இந்துக் கல்லூரியில் பயின்றவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து, பிழைப்பையும் படிப்பையும் ஒருங்கே தேடிக் கல்கத்தா வந்தவர். வங்காளியாயினும் வங்காளத்திற்கு அவர் வெளியூர்க்காரரே. இந்த நிலை நம்மில் பலருக்குப் புதிதன்று. அவருடைய படிப்பு வடிவியலில், புள்ளியியலில் அன்று.

வேறு இருவரின் வருகையும் இதற்கு உதவியாயிற்று. ஜெர்மனியில் யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையால் பதவி இழந்த ஃபிரீட்ரிக் லெவி என்ற கணிதப் பேராசிரியர் 1930-களின் நடுவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். எண்ணிவிடக்கூடிய சில புள்ளிகளே கொண்ட வடிவியலை அவர் அங்கே கற்பித்தார். 1940-இல் அவர் நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகள் 1942-இல் நூலாக வெளிவந்தன. புள்ளிகளையும் நேர்கோடுகளையும் இரு வகை முனைகளாகக் கொண்டு வரையும் கோட்டுருவிற்கு 1950-இல் காக்செட்டர் லெவியின் பெயரையே சூட்டினார். மற்றொருவர், வேளாண்மைச் சோதனைகளுக்குக் கணித ஒழுங்கை வகுத்த ஆங்கிலேய அறிஞர் ஃபிஷர். அவர் 1937-38 குளிர்காலத்தில் கல்கத்தா வந்தார். வயலிலிருந்து கேள்வியும் வடிவியலிலிருந்து கருவியும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தன என்று சொல்லலாம்.

வயலின் கேள்வி இது. பத்து நெல் ரகங்களை ஒப்பிட வேண்டும். ஒரு பெரிய வயலில் ஒரு மூலை வளமாகவும் மறு மூலை வறண்டும் இருக்கும். ஆதலால் நிலத்தைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதிக்குள்ளே அடுத்தடுத்து விளைந்தவற்றையே ஒப்பிடுதல் நியாயம். ஒரு தொகுதியில் நான்கு பாத்திகள்தான் உண்டு என்போம். எந்த இரு ரகங்களும் சம எண்ணிக்கையான தொகுதிகளில் சந்திக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், குறைந்தது 15 தொகுதிகள், அதாவது 60 பாத்திகள் வேண்டும். ஏழை நாட்டு ஆராய்ச்சிப் பண்ணைக்கு இது சிறு செலவன்று.

இங்கேதான் போஸும் கே. ஆர். நாயரும் 1939-இல் வெளியிட்ட கருத்து வருகிறது. பிடிவாதத்தைச் சற்றே தளர்த்துவோம் என்றனர் அவர்கள். க, ச, ட, த, ப என்ற ஐந்து எழுத்துகளை எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்து ரகங்களுக்கும் பெயரிடுங்கள்: கச, கட, கத, கப, சட, சத, சப, டத, டப, தப. ஐந்து தொகுதிகள் போதும். ‘க’ தொகுதியில் ககரம் உள்ள நான்கு ரகங்களையும் விதையுங்கள், ‘ச’ தொகுதியில் சகரம் உள்ள நான்கையும் விதையுங்கள், மற்றவையும் அவ்வாறே. மொத்தம் 20 பாத்திகள். ஒவ்வொரு ரகமும் இரு முறை வருகிறது. எழுத்தொன்று பொதுவாக உள்ள இரு ரகங்கள் ஒரு தொகுதியில் நேரே சந்திக்கின்றன. ‘கச’ என்பதும் ‘டத’ என்பதும் ஒருபோதும் சந்திப்பதில்லை. எனினும் கட, கத, சட, சத என்ற நான்கு ரகங்கள் இரண்டையும் தனித்தனியே சந்திப்பதால், அவற்றின் வாயிலாக ஒப்பிட்டுவிடலாம். நேரே சந்தித்தவற்றை ஒப்பிடுவதில் துல்லியம் சற்று மிகுதி, மற்றவற்றில் சற்றுக் குறைவு. செலவோ மூன்றில் ஒரு பங்கு!

இப்போது, சந்திக்காத ரகங்களை மட்டும் கோடிட்டு இணைத்துப் பாருங்கள். ‘கச’ சந்திக்காதவை டத, டப, தப என்ற மூன்று. ஒவ்வொன்றிற்கும் மும்மூன்று. வரைந்து முடித்தால் வருவது நாம் தொடக்கத்தில் கண்ட தமிழ்ச் சங்கக் கூட்டம்தான், பீட்டர்சனின் கோட்டுருதான். நெல் வயலுக்குள் அது ஒளிந்திருந்தது.

போஸ் 1949-இல் அமெரிக்காவிற்குச் சென்று வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவரும் கிளாட்வர்த்தியும், அவருடைய மாணாக்கராகிய சரத்சந்திர ஸ்ரீகண்டேயும் சேர்ந்து 1954-இல் இத்தகைய சோதனைத் திட்டங்களின் அட்டவணை ஒன்றைத் தொகுத்தனர். அதை வெளியிட்டது கணிதச் சங்கம் எதுவும் அன்று. வட கரோலினாவின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். பண்ணையில் வேலை செய்பவன் பக்கத்தைப் புரட்டித் தனக்கேற்ற திட்டத்தை எடுத்து மறுநாளே விதைக்கலாம் என்பதே அதன் நோக்கம். கிளாட்வர்த்தி அதனைப் பெரிதும் விரித்தெழுதிய நூல் 1973-இல் வந்தது. இடையில் 1963-இல் போஸ், வயலையும் விதையையும் அப்பால் வைத்துவிட்டு, அவற்றினுள் இருந்த உருவத்தை மட்டும் எடுத்து, வலுவாய் ஒழுங்கமைந்த கோட்டுரு என்று பெயரிட்டுத் தனியே ஆராய்ந்தார்.

பட்டியல் எழுதுவோர்க்கு ஓர் எச்சரிக்கை அதற்கு முன்பே, 1959-இல், ஸ்ரீகண்டேயின் கையால் வந்தது. (அதே ஆண்டில்தான் போஸும் அவரும் பார்க்கரும் சேர்ந்து, 1782-இல் ஆய்லர் கூறிச் சென்ற ஓர் ஊகத்தைத் தவறென்று நிறுவினர், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற் பக்கத்தில் அச்செய்தி வந்தது. அந்தப் புகழின் நிழலில் இது மறைந்துவிட்டது; கோட்டுருவியலாருக்கு இதுவும் அதற்குச் சளைத்ததன்று.) நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டங்கள் வரைந்து, ஒரே வரிசையிலோ ஒரே நிரலிலோ உள்ள கட்டங்களை அறிமுகமானவை என்று கொள்வோம். எண்கள் 16, 6, 2, 2 என்று அமையும். இந்நான்கு எண்களும் பொருந்துகிற உருவம் இது ஒன்றுதானா? இல்லை, இன்னொன்றும் உண்டு என்று ஸ்ரீகண்டே காட்டினார். கட்ட உருவில் ஒரு வரிசையிலுள்ள நால்வரும் தமக்குள் அறிமுகமானவர்கள்; ஸ்ரீகண்டேயின் உருவிலோ அப்படி ஒருவரையொருவர் அறிந்த நால்வர் எங்கும் இல்லை. நான்குக்கு நான்கு என்ற இந்த ஓர் அளவைத் தவிர வேறெந்த அளவிலும் இத்தகைய இரட்டை இல்லை என்றும் அவர் நிறுவினார். ஆக, எண்களை எழுதி வைத்தால் உருவத்தை எழுதியதாகாது. ஊரும் தெருவும் எழுதியிருந்தும் கதவிலக்கம் இல்லாத முகவரி போன்றது அது. மும்பைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஸ்ரீகண்டே, 2020-இல் தம் 102-ஆம் வயதில் காலமானார்.

எண்ணும் உருவும் பிரிந்து கிடந்தால் என்ன கேடு விளையும் என்பதற்கு டேல் மெஸ்னரின் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1956-இல் மெஸ்னர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதிலே 100, 22, 0, 6 என்ற எண்கள் கொண்ட கோட்டுரு ஒன்றைக் கட்டியிருந்தார். நூறு முனைகள், முனைக்கு 22 கோடுகள், ஆக மொத்தம் 1,100 கோடுகள். கணினி எளிதில் கிட்டாத காலம் அது. மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் போஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளமாயிற்று. போஸ்–மெஸ்னர் இயற்கணிதம் என்று இன்றும் அதனை வழங்குகின்றனர். ஆனால் அந்த நூறு முனை உருவமோ ஆய்வேட்டுக்குள்ளேயே உறங்கிற்று.

1967 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாநாடு. குலங்கள் என்னும் கணித அமைப்புகளை ஆராயும் டொனால்ட் ஹிக்மன், சார்ல்ஸ் சிம்ஸ் என்ற இருவர், அங்கே கேட்ட சொற்பொழிவினால் தூண்டப்பெற்று, ஒரே இரவில் அதே 100, 22, 0, 6 உருவத்தைக் கட்டி முடித்தனர். அதன் சமச்சீர்மையிலிருந்து 4,43,52,000 உறுப்புகள் கொண்ட புதிய குலம் ஒன்று பிறந்தது. எந்த வரிசையிலும் அடங்காமல் தனித்து நிற்கும் 26 குலங்களுள் அதுவும் ஒன்று. ஹிக்மன்–சிம்ஸ் என்ற பெயர் குலத்திற்கும் கோட்டுருவிற்கும் நிலைத்துவிட்டது. மெஸ்னர் பதினோராண்டு முன்னதாகவே அதைக் கண்டிருந்தார் என்பது பலருக்கும் தெரியவந்தது நெடுங்காலம் கழித்தே. ஹிக்மனையும் சிம்ஸையும் குறை கூற ஏதுமில்லை. அவர்கள் யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. மெஸ்னரையும் குறை கூறுவதற்கில்லை. அவர் எதையும் மறைத்து வைக்கவில்லை. தேடுகிறவன் கை நீட்டினால் எட்டும் இடத்தில் அது வைக்கப்பட்டிருக்கவில்லை என்பதுதான் குறை. அந்த உருவத்தைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு வேறொருவருக்குக் கிடைத்திருந்தால், அந்தக் குலம் பத்தாண்டு முன்னரே கிடைத்திருக்கலாம் அல்லவா?

இவ்வாறு சிதறிக் கிடந்தவற்றை ஒருங்கே திரட்டியவர் ஹாலந்து நாட்டு ஐந்தோவன் நகரின் கணித அறிஞர் ஆந்திரியஸ் பிரௌவர். 1,300 முனைகள் வரை, கணக்கு ஒத்துவருகிற நான்கெண் தொகுதி ஒவ்வொன்றையும் எழுதி, அத்தகைய உருவம் உண்டா, இல்லையா, அல்லது தெரியாதா என்று எதிரே குறித்து, அதை யார், எப்படி நிறுவினர் என்பதையும் சுருக்கமாகச் சேர்த்து, எவரும் பார்க்கத்தக்க அட்டவணையாக அவர் பேணிவந்தார். பல ஆண்டு உழைப்பு அது. ஆயினும் அதுவும் ஏடுதான். “உண்டு; இன்ன கட்டுரை காண்க” என்றிருந்தால், அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்து, படித்துப் புரிந்துகொண்டு, உருவத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். தம் ஊகம் ஒன்றைப் பத்து உருவங்களில் சோதித்துப் பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளன், பத்துக் கட்டுரைகளைக் கரைத்துக் குடிக்க வேண்டியவனாகிறான்.

கட்டும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க 2015-ஐ ஒட்டிய காலத்தில் முனைந்தவர்கள் நாதன் கோஹென், திமித்ரி பசெச்னிக் என்ற இருவர். இதற்கு அவர்கள் தேர்ந்தது 2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ் என்னும் கணித மென்பொருளை. அது விலையின்றிக் கிடைப்பது. அதன் உட்புறத்தை எவரும் திறந்து பார்த்துத் திருத்தலாம். பிரௌவரின் அட்டவணையில் “உண்டு” என்றிருந்த நான்கெண் தொகுதி ஒவ்வொன்றிற்கும் ஓர் உருவத்தையேனும் உண்மையாகவே கட்டித் தரும் கட்டளைகளை அவர்கள் எழுதிச் சேர்த்தனர். அந்த வரலாறு 2016-இல் கட்டுரையாக வெளிப்பட்டது.

இது குமாஸ்தா வேலை என்று எண்ணுவோர் இருக்கலாம். அப்படியன்று. அச்சிட்ட கட்டுரை ஒன்றில், இன்ன வடிவியலின் இன்ன தளங்களை எடுத்துக்கொண்டு, இன்னவாறு இணைத்தால் விரும்பிய உருவம் வரும் என்று இரண்டு வரிகளில் எழுதியிருக்கும். துறை வல்லார்க்கு அது போதும். கணினிக்குப் போதாது. அதற்கு ஒவ்வொரு புள்ளியையும் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். “இதுபோலவே மற்றவையும்” என்ற சொல்லை அது அறியாது. கட்டி முடித்தபின் எண்கள் ஒத்துவராவிட்டால், படித்தவர் தவறிப் படித்தாரா, அச்சில் பிழையா, அல்லது மூலத்திலேயே குறையா என்று தேட வேண்டும். எழுதியவருக்கே கடிதம் போட்டுக் கேட்கலாம், அவர் உயிரோடிருந்தால்! எதை எழுதினால் படிப்பவன் மீண்டும் செய்துகாட்ட முடியும் என்பதை எழுதுகிறவர்கள் நினைப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர் வைத்தியச் சுவடிகளைப் படிக்க முயன்றவர்கள் இந்தத் துன்பத்தை நன்கு அறிவார்கள். மருந்தின் பெயர் இருக்கும், எடை இருக்காது.

மறுபுறம், உருவம் கட்டப்பட்டுவிட்டால் அதைச் சரிபார்ப்பதில் வாதத்திற்கே இடமில்லை. ஹிக்மன்–சிம்ஸ் கோட்டுருவில் இரண்டிரண்டாக எடுக்கக்கூடிய முனைகள் 4,950 சோடி. அவற்றுள் 1,100 சோடி கோட்டால் இணைந்தவை. அவற்றிற்குப் பொது முனை எதுவும் இருக்கக் கூடாது. எஞ்சிய 3,850 சோடிக்கும் பொது முனை ஆறாறு இருக்க வேண்டும். மனிதன் எண்ணினால் கண் வலிக்கும். கணினி நொடியில் எண்ணிவிடுகிறது. அட்டவணையின் எல்லையான 1,300 முனைகளிலும் சோடிகள் 8,44,350-தான்; அதுவும் அதற்குப் பெரிதன்று. “பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்” என்று நம்பி ஏற்றுக்கொண்டிருந்தவை இவ்வாறு எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொள்ளப்பட்டன. சேஜ் மென்பொருளின் புதிய பதிப்பு தயாராகும்போதெல்லாம், அதன் விளக்கங்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் மீண்டும் இயக்கிச் சோதிக்கப்படுகின்றன.

இந்தக் களஞ்சியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அது தரும் விடைகளின் நேர்மை. நான்கு எண்களைக் கொடுத்துக் கேட்டால், முடிந்த இடத்தில் உருவத்தையே கட்டித் தந்துவிடுகிறது. இருக்க முடியாது என்று நிறுவப்பட்டிருந்தால் அவ்வாறே சொல்லிவிடுகிறது. ஒருவருக்கும் தெரியாத இடத்தில் தெரியாது என்கிறது. நான்காவதாக ஒரு விடையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: உண்டு என்று அட்டவணை கூறுகிறது, எனக்குக் கட்டத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் தெரிவியுங்கள் என்ற பொருள் படும் விடை அது. எழுதியவர்கள் தங்கள் வேலை முடிந்துவிட்டதாகக் கருதவில்லை.

தெரியாது என்ற விடை பெறுபவற்றுள் 99, 14, 1, 2 என்பதும் ஒன்று. 99 பேர் கூடிய கூட்டம்; ஒவ்வொருவருக்கும் அறிமுகம் 14 பேர்; அறிமுகமான எந்த இருவருக்கும் பொதுவானவர் சரியாக ஒருவர்; அறியாத எந்த இருவருக்கும் பொதுவானவர் சரியாக இருவர். ஒருவருடைய 14 நண்பர்களும் ஆளுக்கு 12 பேரை வெளியே அறிவர், ஆக 168. அவர் அறியாத 84 பேரும் இவ்விரண்டு கோடுகளைப் பெறுவர், அதுவும் 168. கணக்கு ஒத்துவருகிறது. இதைத் தீர்ப்பவருக்கு 1,000 டாலர் தருவதாக ஜான் கான்வே 2014-இல் அறிவித்தார். அவர் 2020-இல் மறைந்தார். அத்தகைய கூட்டம் ஒன்றை எவரும் கூட்டிக் காட்டவுமில்லை. கூட்ட முடியாது என்று நிறுவவுமில்லை.